இடமிருந்து வலம்

அந்தப் பெட்டி மேல் காலை வைக்காதீர்கள் அக்கா. அது கேமரா.

சிரிக்கலாம், தப்பில்லை. கண்டக்டரும் சிரித்துவிட்டுத்தான் போனார். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, அதைச் சுற்றிக் குடைத்துணி, முன்னால் பூதக்கண்ணாடி, பின்னால் வால் மாதிரி ஒரு வயர். இதைக் கேமரா என்று நான் சொன்னால் எனக்கே பாதி நாள் நம்பிக்கை வராது. ஆனால் படம் எடுக்கும். எடுத்த படம் இந்தக் கவரில் இருக்கிறது. காட்டுகிறேன், அவசரப்படாதீர்கள். முதலில் கதையைக் கேட்டால்தான் படம் புரியும். கேட்காமல் பார்த்தவர்கள் எல்லாரும் "ஏன் ஒரு கோடு விழுந்திருக்கு" என்று கேட்டார்கள். பிரிண்ட் போட்ட ஆளும் அதைத்தான் கேட்டார்.

நீங்கள் திருச்செந்தூர்தானே? நான் குரும்பூரில் இறங்கவேண்டும். ஸ்ரீவைகுண்டம் இன்னும் வரவில்லை. நேரம் இருக்கிறது.

என் பெயர் எப்சிபா. படிக்கவில்லை. விட்டுவிட்டேன். பிளஸ் டூவில், ஆகஸ்ட் மாதம். உடனே முகத்தை அப்படி வைக்காதீர்கள். இதைச் சொன்னால் எல்லாரும் ஒரு சோகக் கதைக்குத் தயாராகிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் சாப்பாடு இருக்கிறது. அப்பா வாழைத்தார் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், சொந்த வண்டி. எனக்குக் கல்யாணம் பேசவில்லை. காதலும் இல்லை. ரெக்கார்டு நோட்டில் படம் வரையவில்லை, அதனால் விட்டேன். அவ்வளவுதான்.

வேதமுத்து சார் என்று எங்கள் கிளாஸ் சார். இயற்பியல். நான் சோதனை எல்லாம் ஒழுங்காகச் செய்துவிடுவேன், ரீடிங் எல்லாம் சரியாக எழுதிவிடுவேன். படம் வரைய மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது. ஸ்கேல் வைத்து, பென்சில் சீவி, அம்புக்குறி போட்டு, யாருக்காக? லென்ஸ் கையில் இருக்கிறது, ஒளி தானாக வளைகிறது, அதை நான் வேறு வரைந்து காட்ட வேண்டுமா?

"படம் எங்க?" என்றார்.

"ரீடிங் சரியாத்தான சார் இருக்கு. படம் எதுக்கு?"

"படம் வரையாம கிளாசுக்குள்ள வராத."

"சரி சார், வரல."

பையை எடுத்தேன், வந்துவிட்டேன். ரெக்கார்டு நோட்டு அவர் மேஜையிலேயே கிடந்தது. அதைத் திரும்பி எடுத்தால் நடை கெட்டுவிடும் என்று எடுக்கவில்லை.

பிறகு மூன்று நாள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். யாராவது வந்து கூப்பிடுவார்கள், வரமாட்டேன் என்று சொல்லலாம் என்று. என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன், நல்ல வசனம். யாரும் வரவில்லை. முத்துராக்கு வந்தாள், என் கிளாஸ்தான், லீடர். ஆனால் அவள் என்னிடம் வாங்கின காம்பஸ் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள், அது கணக்கில் சேராது. கொடுத்துவிட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள். போய்விட்டாள். அப்புறம் ஒரு வாரம் ஆனது, ஒரு மாதம் ஆனது. கோபம் போய்விட்டது, ஆனால் போவதற்கு ஒரு சாக்கு கிடைக்கவில்லை. நான் போக வேண்டும் என்று நினைத்ததாகச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

வேலை இல்லாமல் இருந்தால் எனக்குக் கை அரிக்கும். அப்படித்தான் கேமரா வந்தது.

ஜெராக்ஸ் கடையில் ஆதார் கார்டைக் கண்ணாடி மேல் கவிழ்த்து மூடுவார்களே, உள்ளே ஒரு வெளிச்சம் மெல்ல நகர்ந்து போகுமே, அது ஸ்கேனர். அது வரி வரியாகப் பேப்பரைப் படிக்கிறது. பேப்பருக்குப் பதிலாக எதிரே இருக்கிற தெருவையே படிக்க வைத்தால் என்ன? முன்னால் ஒரு லென்ஸ், நடுவில் இருட்டுப் பெட்டி, பின்னால் ஸ்கேனர். முடிந்தது. சொல்வதற்கு ஒரு நிமிஷம். செய்வதற்கு நாலு மாதம்.

பழைய இரும்புக் கடை சாகுல் அண்ணனிடம் மூன்று ஸ்கேனர் இருந்தன. முதலாவதைத் திறந்து, உள்ளே ஓடுகிற தலையில் கண்ணாடிக் குச்சி மாதிரி ஒன்று பதித்திருக்கும், அதைக் கழற்ற வேண்டும், கழற்றும்போது பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் சேர்த்துக் கழற்றிவிட்டேன். செத்தது. இரண்டாவதைக் கவனமாகக் கழற்றினேன், திரும்ப மூடும்போது ஸ்க்ரூடிரைவர் உள்ளேயே இருந்தது. செத்தது. மூன்றாவது எடுக்கப் போனபோது சாகுல் அண்ணன், "எக்கா மவளே, நான் இரும்பை உடைச்சுப் பொழைக்கேன். நீ சும்மாவே உடைக்கியே" என்றார்.

மூன்றாவது பிழைத்தது. இதோ, இதுதான். லென்ஸ், அப்பா பைபிள் வாசிக்கிற பூதக்கண்ணாடி. குடைத்துணி, அம்மாவின் குடை. அம்மா இப்போது வெறும் கம்பியோடு இருக்கிற அந்தக் குடையை வாசலில் மாட்டி வைத்திருக்கிறாள், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. லேப்டாப் எங்கள் அக்கா ஷெர்லினுடையது. அவள் ஒழுங்காகப் பிளஸ் டூ முடித்தவள், நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள். அதன் கீல் உடைந்துவிட்டது, திறந்தால் மடங்காது. அதனால் வீட்டோடு கிடக்கிறது, என்னை மாதிரி.

ஒரு படம் எடுக்க நாற்பத்தாறு விநாடி. ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மறு ஓரம் வரை ஊர்ந்து போகும். அதுவரை எதிரே இருக்கிறவர் அசையக் கூடாது. அசைந்தால் போச்சு. பக்கத்து வீட்டு ஆட்டை எடுத்தேன், ஏழு கால். சேவலை எடுத்தேன், கொண்டை மட்டும் வந்தது. பாஸ்டர் ஐயா வீட்டு ஜெபத்துக்கு வந்தார். ஜெபம் பண்ணுகிற ஆள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே இடத்தில்தானே நிற்பார், இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா என்று திரைக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். அவர் ஆவியில் நிறைந்து ஆடியதை நான் கணக்கில் எடுக்கவில்லை. தண்ணீருக்குள் முளைத்த பாசி மாதிரி வந்தார், கழுத்து மட்டும் ஒரு முழம். அந்தப் படத்தில் ஒழுங்காக விழுந்தது அம்மா ஒருத்திதான், அச்சு அசல். ஜெபத்தில் தூங்கிவிட்டாள்.

"ஊழியக்காரரைப் போய் இப்படி ஆக்கிட்டியே, நாசமாப் போவ" என்றாள்.

"நீ நல்லா வந்திருக்கியேம்மா" என்றேன். அடி விழுந்தது.

படம் தலைகீழாகத்தான் விழும். அதை லேப்டாப்பில் ஒரு பட்டனை அழுத்தித் திருப்பிக்கொள்வேன். அது ஒரு வேலையே இல்லை. அப்புறம் அழுத்தி அழுத்தி, அது தலைகீழாக விழுகிறது என்பதே எனக்கு மறந்துவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. நான் வைத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு தொல்லை கோடு. தலையை இழுக்கிற சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குலுக்கல், குலுங்கின இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. படத்துக்கு மூன்று. சம தூரத்தில், ஸ்கேல் வைத்த மாதிரி. தேங்காய் எண்ணெய் போட்டேன். சோப்பு தேய்த்தேன். உடைந்த பல்லுக்குப் பதிலாகத் தீக்குச்சித் துண்டை ஒட்டினேன். கோடு இன்னும் தடியானது. இன்றைக்குத்தான் இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலியில் கடை கடையாக ஏறி, அளவு பார்த்து ஒரு சக்கரம் வாங்கினேன்.

சரி, படத்துக்கு வருகிறேன்.

பிப்ரவரியில் பிளஸ் டூ குரூப் போட்டோ எடுப்பார்கள். பெஞ்சு போட்டு மூன்று வரிசை, முன்னால் நாற்காலியில் சார்மார், டீச்சர்மார். அப்புறம் அட்டையில் ஒட்டி, கீழே "நிற்பவர்கள், இடமிருந்து வலம்" என்று பெயர் வரிசை. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று மாட்டியிருக்கும். ஷெர்லின் படம் எங்கள் வீட்டு டிவிக்கு மேல் இருக்கிறது. நான் பத்து வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். இல்லை, பத்து வருஷம் இல்லை, அவள் முடித்து மூன்று வருஷம்தான் ஆகிறது. பத்து வருஷம் மாதிரி இருக்கிறது.

என் பெயரை ரிஜிஸ்டரில் அடித்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் எனக்கு ஒரு பரிசோதனை பாக்கி இருந்தது. அகலமான கூட்டத்தை இந்தக் கேமரா எடுக்குமா என்று தெரிய வேண்டும். எங்கள் ஊரில் நாற்பது பேரை வரிசையாக நிற்க வைக்கிற இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். முத்துராக்குவிடம் சொன்னேன். அவள் சாரிடம் கேட்டாள். "ஸ்டூடியோக்காரர் எடுத்து முடிச்ச பிறகு கொண்டு வரச் சொல்லு" என்றாராம்.

அப்போதுதான் இரண்டாவது பரிசோதனை தோன்றியது. படம் ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மறு ஓரம் போக நாற்பத்தாறு விநாடி ஆகிறது அல்லவா? அப்படியானால் பட்டனை அழுத்திவிட்டு, ஓடிப்போய் கடைசி ஓரத்தில் நின்றுகொண்டால், கேமராவும் நானே, படத்திலும் நானே. உலகத்தில் யாராவது செய்திருப்பார்கள். குரும்பூரில் செய்யவில்லை.

முத்துராக்குவிடம் மட்டும் சொன்னேன். "நீ வாகை மரத்துப் பக்கம் கடைசியா நில்லு. பக்கத்துல ஒரு ஆள் எடம் விட்டு நில்லு. அசையாத."

"ஓடி வந்து சேந்துருவியாட்டி?"

"தண்ணித் தொட்டிப் பக்கம் இருந்து ஆரம்பிக்கும். மரத்துக்கு வர முக்கா நிமிசம் ஆகும். நான் நடந்தே வருவேன்."

யூனிபார்ம் போட்டுக்கொண்டு போனேன். வெயிலுக்கு அந்தத் துணி நல்லது. பீரோவைத் திறந்தால் சுடிதாரும் ஓவர்கோட்டும் இஸ்திரி போட்டு மேலேயே இருந்தன. ஆறு மாதமாகப் போடாத துணியை அம்மா எதற்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. கேட்கவும் நேரம் இல்லை. பேண்ட் கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது.

மைதானத்தில் என்னைப் பார்த்ததும் ஒரே கூச்சல்.

"ஏட்டி எப்சி, மிக்ஸியைத் தூக்கிட்டு எங்கட்டி போற?"

"சட்னி அரைக்கப் போறாளா, நம்மள அரைக்கப் போறாளா?"

"ஞானதுரையப் போட்டா பிளேடு உடைஞ்சிரும்ட்டி."

ஞானதுரை எங்கள் கிளாசிலேயே தடியான பையன், வாகை மரத்துப் பக்கம், முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். அவனும் சிரித்தான். நான் பெஞ்சு போட்டு, பெட்டியை வைத்து, லேப்டாப்பைச் செருகினேன். லென்ஸை மூன்று தடவை துடைத்தேன். தூசி.

வேதமுத்து சார் நடு நாற்காலியில் இருந்தார். ஆறு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவை பேசினார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாப்பத்தாறு செகண்ட் சார். மூச்சு விடலாம். சிரிக்கக் கூடாது."

"நான் எப்ப சிரிச்சேன்" என்றார். மொத்த வரிசையும் சிரித்தது, அடங்க இரண்டு நிமிஷம் ஆனது.

அழுத்தினேன். முதலில் ஏழு விநாடி கிர்ரென்று சூடேறும். பிறகு டக் என்று ஒரு சத்தம், தலை கிளம்பிவிட்டது. வயரைச் சரி பார்க்கிற மாதிரி குனிந்தேன், நிமிர்ந்தேன், ஓடினேன். நடந்தே வருவேன் என்று சொன்னவள்தான். கால் கேட்கவில்லை. முன்வரிசைக்குக் குறுக்கே, ஞானதுரையைத் தாண்டி, மரத்தைப் பார்த்து ஓடினேன். முத்துராக்கு கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

வேதமுத்து சார் தலையைத் திருப்பாமல், உதட்டை அசைக்காமல், "யாரு ஓடுறது?" என்றார்.

"யாரும் இல்ல சார்" என்று முப்பத்தெட்டுப் பேரும் உதட்டை அசைக்காமல் சொன்னார்கள்.

நின்றேன் அக்கா. அப்படி நின்றேன். தலையை நேராக வைத்து, தோளை இறக்கி, பல் தெரியாமல் சிரித்துக்கொண்டு, முப்பத்தைந்து விநாடி இருக்கும். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் தொடர்ந்து சிரித்ததே இல்லை. கன்னம் வலித்தது. முத்துராக்கு என் கையை விடவே இல்லை, வேர்த்து வழுக்கியது. டக் என்று சத்தம் கேட்டது. முடிந்தது.

எல்லாரும் லேப்டாப்பைச் சூழ்ந்துவிட்டார்கள். பட்டனை அழுத்தித் திருப்பினேன். ஒரு முகம்கூட அசையவில்லை. முப்பத்தெட்டுப் பேர், ஆறு சார்மார் டீச்சர்மார், தண்ணீர்த் தொட்டி, வாகை மரம், எல்லாம் இருந்தது. அவ்வளவு நல்ல படம் நான் எடுத்ததில்லை.

"நீ எங்கட்டி?" என்றாள் முத்துராக்கு.

நான் இல்லை. மரத்துப் பக்கம் முத்துராக்கு நிற்கிறாள், பக்கத்தில் ஒரு ஆள் இடம் வெறுமையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய கோடு மூன்றும் சம தூரத்தில் இருந்தன. ஞானதுரைக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒன்று, இடம் மாறி, நூல் மாதிரி. இன்னும் பெரிதாக்கினேன். மேலே கறுப்பு, நடுவில் சாம்பல், கீழே ஒரு பொட்டு வெள்ளை. முடி, யூனிபார்ம், கணுக்கால்.

வேதமுத்து சார் என் தோளுக்குப் பின்னால் நின்றார். திருப்பின படத்தை மறுபடி தலைகீழாகத் திருப்பச் சொன்னார். திருப்பினேன்.

"லென்ஸ் வழியா விழுந்தா தலைகீழா விழும். இடமும் வலமும் மாறும். பத்தாங்கிளாஸ், ரெண்டு மார்க்."

"தெரியும் சார்."

"பெட்டியில இடது பக்கம் ஆரம்பிச்சா வெளியே எந்தப் பக்கம்?"

நான் வாகை மரத்தைப் பார்த்தேன். மரத்துப் பக்கத்தைத்தான் கேமரா முதலில் படித்திருக்கிறது. அது படித்து முடித்த இடத்தில் நான் போய் நின்று முப்பத்தைந்து விநாடி சிரித்திருக்கிறேன். அது என்னைத் தாண்டிப் போய்விட்டது. வழியில் ஓடும்போது ஒரு கணம் குறுக்கே வந்தேன், அந்த ஒரு கணம்தான் அந்த நூல்.

"தெரியும்னா படம் வரைஞ்சு பாத்திருக்கணும்" என்றார் சார்.

நான் படத்தை மறுபடி நேராகத் திருப்பினேன்.

பையன்கள் இன்னொரு தடவை எடுக்கலாம் என்றார்கள். அதற்குள் லேப்டாப் அணைந்துவிட்டது, அதன் பேட்டரி அவ்வளவுதான் தாங்கும். பெல்லும் அடித்துவிட்டது. அப்புறம் படிப்பு லீவ் விட்டுவிட்டார்கள். சார் கிளம்பும்போது சொன்னார், "சக்கரத்துல விழுந்த கோட்டை எடுத்துட்டு, பெரிசாப் பிரிண்ட் போட்டுக் கொண்டா. ஆபீஸ்ல மாட்டலாம். உன் ரெக்கார்டு நோட்டு என் மேஜையிலதான் கிடக்கு. வரும்போது எடுத்துக்க."

சக்கரத்தில் விழுந்தது மூன்றுதான். சொன்னபடி மூன்றை லேப்டாப்பில் அழித்துவிட்டேன். நான் சொன்னபடி செய்கிறவள்.

இப்போது நேராகப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறேன். நாலு மணிக்குள் போனால் சார் இருப்பார். ரெக்கார்டு நோட்டை வாங்க வேண்டும். வேறு எதற்கும் இல்லை, பின்பக்கம் நிறைய வெறுமையாக இருக்கிறது, புதுச் சக்கரம் போட்டதும் ரீடிங் எழுத நோட்டு வேண்டும். பென்சிலும் ஸ்கேலும் வாங்கியிருக்கிறேன். கடையில் சில்லறை இல்லை என்றார்கள், அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

இந்தாருங்கள், படம். விரல் படாமல் ஓரத்தில் பிடியுங்கள். ஆமாம், நடுவில் சிரிக்காமல் இருப்பவர்தான் சார். இது ஞானதுரை. கீழே பெயர் எல்லாம் பிரிண்ட் கடையில் அடித்தது, இடமிருந்து வலம், எல்லாம் சரியாக இருக்கிறது, கடைசிப் பெயர் முத்துராக்கு.

இவளா? இவள்தான் முத்துராக்கு. அசையாதே என்று நூறு தடவை சொன்னேன். இப்படிக் கையை வெறும் காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கிறாள் பாருங்கள், நான் கிளம்புவதற்கு முன்னாலேயே. மற்றவர்கள் எல்லாரும் ஒழுங்காகக் கையைத் தொங்கவிட்டு நிற்கிறார்கள், இவளால் படத்தின் அந்த ஓரமே கெட்டது. யாரைக் கூப்பிடுகிறாள் என்றா கேட்கிறீர்கள்? யாரையும் இல்லை. அவள் எப்போதும் அப்படித்தான், எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பாள். அன்றைக்கு எங்கள் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அந்த மாதிரி.

குரும்பூர் வந்துவிட்டது. பெட்டியைக் கொஞ்சம் தள்ளிக் கொடுங்கள். மெல்ல, லென்ஸ் கழன்றுவிடும். படத்தையும் கொடுங்கள்.

அக்கா, அதை நகத்தால் சுரண்டாதீர்கள். முடி எதுவும் ஒட்டவில்லை. அது நான்.